எக்கோ எடுக்கப் போகிறீர்களா? குழந்தையை பஸ்ஸில் தூங்க விடாதீர்கள்

பாப்பாவின் இதய சிகிச்சைக்குப் பிறகான ஒரு மாதச் செக்கப் முடிந்து நேற்றுதான் மதுரையிலிருந்து திரும்பினோம். பாப்பா நன்றாக இருக்கிறாள். சிகிச்சை நடந்தது ஒரு மணி நேரம்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அதில் பாதி வீணாகப் போன நாட்கள். இன்னொரு குடும்பம் அப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பதின்மூன்று மாதத்திலும் பாப்பாவின் எடை ஏழு கிலோவைத் தாண்டவில்லை. பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்துவிடும். சளி விட்டபாடில்லை. பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று அத்தை சொன்னார்கள், நானும் நம்பினேன். அங்கன்வாடிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவின் டாக்டரம்மாதான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, இதயத்தில் சத்தம் கேட்கிறது என்றார். திண்டுக்கல்லில் பார்த்து, மதுரைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் சுலபமாக நடந்தது.

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் போய், பஸ் மாறி, ஆரப்பாளையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று திங்கட்கிழமை. டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, குழந்தைகள் இதய டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவார் என்றார்கள். போர்டில் தினமும் ஓ.பி. என்று இருந்தது பொதுக் குழந்தை மருத்துவருக்காம். போன் செய்து கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். “குழந்தை டாக்டர் இருக்காரா” என்று கேட்டால் “இருக்காரு, வாங்க” என்றுதான் சொல்வார்கள். இதய டாக்டர் என்று கேளுங்கள், கிழமையையும் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். இந்த முறை டாக்டர் இருந்தார். கைவிரலிலும் கால்விரலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். அதற்குக் குழந்தை அசையாமல் படுக்க வேண்டும், அதனால் தூக்க மருந்து கொடுப்பார்கள். பாப்பாவோ திண்டுக்கல்லில் கண்ணை மூடியவள் ஆரப்பாளையத்தில்தான் விழித்திருந்தாள். நல்லவேளை, அழாமல் வந்தாள் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மருந்தில் பாதியைத் துப்பினாள், மீதி உள்ளே போயும் தூங்கவில்லை. காலையிலிருந்து வெறும் வயிறு வேறு. பசியில் அவள் கத்தியதைக் கேட்க முடியவில்லை. மதியம் ஒரு மணிக்கு, “அடுத்த செவ்வாய் வாங்கம்மா” என்றார்கள்.

கிளம்பும்போது ஒரு நர்ஸ் அக்கா தோளைத் தட்டி, “ராத்திரி லேட்டா தூங்க வைங்க, விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிடுங்க, பஸ்ல தூங்க விடாதீங்க” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை ஓ.பி. சீட்டின் பின்னால் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனை பேருக்கு ஒரு நாள் மிச்சமாகும்!

செவ்வாயன்று மூன்றரை மணிக்கே எழுப்பினோம். வழி நெடுக நானும் அவரும் மாறி மாறி ஜன்னலில் வேடிக்கை காட்டினோம். மருந்து கொடுத்து இருபதே நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். எக்கோ முடிந்ததும் டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலுக்கு வேலையில்லை. அதனால் அங்கே போக வேண்டிய ரத்தத்தைப் பெரிய ரத்தக்குழாய்க்குத் திருப்பிவிட ஒரு சின்ன இணைப்புக் குழாய் இருக்கும். பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிவிட வேண்டும். இவளுக்கு மூடவில்லை. பி.டி.ஏ. என்று பெயர். நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் கருவி ஒன்றை அனுப்பி அடைத்துவிடலாம் என்றார். அவர் படம் வரைந்த அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் கவுண்டரில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “இதுல குழந்தை பேரே இல்லையேம்மா” என்று திருப்பித் தள்ளினார். மூன்றாம் மாதமே பெயர் வைத்துவிட்டோம், சான்றிதழில்தான் ஏற்றவில்லை. ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அது தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம். வேடசந்தூரில் அது முடியவும் முடியாது, பிரசவம் நடந்த இடத்தில்தான் பதிவு. பிரசவம் கரூர் பக்கம் என் அம்மா வீட்டில் இருந்தபோது நடந்தது. அங்கே இரண்டு நடை போய்ப் பெயர் ஏற்றி வாங்கி வந்து நீட்டினால், அதே ஆள், “ரேஷன் கார்டுலயும் பேர் இல்லையே” என்கிறார். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவருக்கு என்ன கஷ்டம்? அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒவ்வொரு இருமலுக்கும் பயந்து பயந்து எண்ணிய நாட்கள் அவை.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் 1800 425 3993 என்ற காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண்ணுக்குப் போன் செய்தார். அதே ஆஸ்பத்திரியில் திட்டத்துக்கென்று தனியாக ஒரு தொடர்பு அலுவலர் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. கவுண்டரிலிருந்து நாலாவது அறை! அவர் தேவையான எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து ரேஷன் கார்டில் பெயர் ஏறியதும் அனுமதியும் வந்துவிட்டது.

குழந்தை பிறந்திருக்கும் வீடுகளில் தயவுசெய்து இன்றே சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கிறதா, அப்பா அம்மா பெயரின் எழுத்து ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா? ரேஷன் கார்டில் சேர்த்தாயிற்றா? நோய் வந்த பிறகு ஓடுவது பெரிய கொடுமை. ஜெராக்ஸ் ஐந்தைந்து எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள்.

செவ்வாய் சேர்த்தோம், புதன் சிகிச்சை, வெள்ளி வீடு. தொடையில் ஒரு சின்னப் பிளாஸ்திரி, அவ்வளவுதான். இப்போது ஒரு டம்ளர் பாலை மூச்சு வாங்காமல் குடிக்கிறாள், நெற்றி காய்ந்தே இருக்கிறது. நேற்று எடை எட்டரைக் கிலோ.

நேற்று எக்கோ அறை வாசலில் ஒரு பாட்டி பேரனைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து இன்னும் கொடுக்கவில்லையாம். ஓடிப்போய், “இப்ப தூங்க விடாதீங்க பாட்டி” என்று சொல்லி, பாப்பாவின் கிலுகிலுப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.