பத்து நாள்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். இன்றைக்குக் கணக்கு ஆரம்பமா, நாளைக்கா என்று அக்காவிடம் கேட்டேன். "எண்ணிக்கிட்டே இருக்கப் போறியாடி?" என்றாள்.

மார்ச் 4, புதன்

அவள் முன்னால் அழக் கூடாது. அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

அழவில்லை. காலையிலிருந்து முகம் மாறாமல் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் பின்மண்டை விண்விண்ணென்று தெறித்தது. அவள் ஒரு மணி நேரம் ஏதேதோ பேசினாள், சின்ன வயதுக் கதைகள்கூட. பாதிகூட நினைவில் இல்லை. காது அவளிடம் இருந்தது, கவனமெல்லாம் என் முகத்தில்.

வகுப்பில் எத்தனை முறை இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸும் அவருடன் வேலை செய்தவர்களும் நடத்திய சோதனைகள். உணர்ச்சி வெளியே தெரியாமல் அமுக்கச் சொன்னால், முகம் அடங்குகிறது, உடம்பின் படபடப்பு அடங்குவதில்லை. அந்த நேரத்தில் கேட்டதும் பார்த்ததும் மனதில் சரியாகத் தங்குவதில்லை. 2003இல் வந்த ஓர் ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: அமுக்கிக்கொண்டு பேசுபவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

எதிரே உட்கார்ந்திருப்பவர். அதாவது அக்கா.

மார்ச் 6, வெள்ளி

போனை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். ஒன்பது தடவை எடுத்தேன்.

மார்ச் 7, சனி

இழுப்பறையைப் பூட்டினேன். சாவி என்னிடமே இருந்தது, அதனால் பிரயோசனமில்லை.

முடிவைப் பற்றி நினைக்காதே, நினைக்காதே என்று நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உளவியலாளர் வெக்னர் 1987இல் செய்தது இதைத்தான். வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் "இப்போது நினைக்கலாம்" என்று சொன்னபோது, முதலில் தடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. நினைப்பு வந்துவிட்டதா என்று காவல் இருக்க வேண்டுமானால், அந்த நினைப்பை ஒரு மூலையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். எனக்கு இன்று ராத்திரி மூன்று மணிக்கும் மணி அடித்தது.

மார்ச் 8, ஞாயிறு

கதவை ஏன் இப்படிச் சாத்துகிறாய் என்று அக்காவிடம் கத்திவிட்டேன். கதவு!

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"ஐந்து நாளாகப் பொறுத்துப் பொறுத்து மன உறுதி தீர்ந்துவிட்டது" என்று அத்தானிடம் சொன்னேன். சொல்லும்போதே பொய் மாதிரி இருந்தது. மன உறுதி பேட்டரி மாதிரி தீரும் என்ற கருத்து 1998இல் பவ்மைஸ்டர் குழுவிலிருந்து பரவியது. 2016இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் அதிகமான பேரை வைத்துச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய இல்லவே இல்லை. எனக்கு எதுவும் தீர்ந்துபோகவில்லை. பயத்தை எங்கேயும் சொல்லாமல் வைத்திருந்தேன், அது கதவு வழியாக வந்தது.

மார்ச் 9, திங்கள்

போனை அத்தானிடம் கொடுத்துவிட்டேன். காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் அவர் பார்ப்பார். செய்தி இருந்தால் என்னைத் தேடி வருவார், இல்லையென்றால் வர மாட்டார்.

ஏன் ஆறு நாள் இது தோன்றவில்லை? சுயக்கட்டுப்பாடு மிகுந்தவர்கள் ஆசையோடு சதா மல்லுக்கட்டி ஜெயிப்பவர்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அன்றாடம் மனதில் எழும் ஆசைகளை அந்தந்த நேரத்திலேயே கேட்டுப் பதிவு செய்த ஹாஃப்மன் குழுவின் ஆய்வில் (2012) அவர்கள் மல்லுக்கட்டுவதே குறைவு. சண்டை வரும் இடத்துக்கே போகாதபடி அன்றாடத்தை அமைத்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்குப் பட்ட அர்த்தம்.

பகலில் இரண்டு தடவை கை இழுப்பறைக்குப் போனது. காலி. கை திரும்பி வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். முகத்தை ஒன்றும் செய்யவில்லை, அது இருந்தபடி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "எனக்கும்தாண்டி. நீ அழவே இல்லையேன்னு எனக்கு அதுக்கு மேல பயமா இருந்துச்சு" என்றாள்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால், மூளையில் பயத்தோடு தொடர்புடைய பகுதியான அமிக்டலாவின் துடிப்பு தணிகிறது என்று லீபர்மன் 2007இல் மூளைப் படங்களில் காட்டினார். அதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெயரை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யோசித்ததில்லை.

இருவரும் அழுதோம். அப்புறம் அந்தச் சின்ன வயதுக் கதையை மறுபடி சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை முழுக்கக் கேட்டேன்.

மார்ச் 11, புதன்

தூங்கினேன். பயம் இருக்கிறது. தூங்கினேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று பத்தா, நாளைக்கா என்று அக்காவே கேட்டாள். செவ்வாயைச் சேர்த்தால் இன்று.

பதினொன்றுக்கு அத்தான் வரவில்லை. இப்போது மூன்று ஐம்பது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எழுதுகிறேன். மூச்சை மெதுவாக வெளியே விடுகிறோம், இரண்டு பேரும்.

படியில் கால் சத்தம்