லத்தீனுக்கு வேற்றுமை வழி

லத்தீன் பாடநூல்கள் பலவும் ஆங்கிலம் பேசுவோரை நினைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்கு இரண்டாம் வேற்றுமையே புதிது. நமக்கு அது பள்ளியிலேயே முடிந்த பாடம். ‘நௌத்த புவெல்லம் வொக்கத்’ என்றால் ‘மாலுமி பெண்ணை அழைக்கிறான்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ‘புவெல்லம்’ முன்னால் வந்தாலும் பொருள் மாறாது. இதை ஆங்கிலத்தில் பெயர்த்துப் புரிந்துகொள்வது வீண் சுற்று.

குறிப்பேட்டில் லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்திலும் எழுதிவையுங்கள். ‘புவெல்ல’ எழுவாய், ‘புவெல்லா’ என்று நீண்டால் நீங்கல், கருவி, இடம் மூன்றையும் சுமக்கும் வேற்றுமை. ரோமன் எழுத்தில் நெடிலைக் காட்டும் மேற்கோடு போடாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். குறில் நெடில் நம் எழுத்திலேயே இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். ‘பெண்களை’ என்பதில் ‘கள்’ தனி, ‘ஐ’ தனி. ‘புவெல்லாஸ்’ அப்படிப் பிரியாது. பன்மையும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே விகுதி. ‘புவெல்லய்’ இன்னும் மோசம்: பெண்ணின், பெண்ணுக்கு, பெண்கள், பெண்களே, நான்குமாக இருக்கலாம். உருபை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. முதலில் வினைக்குப் போங்கள். ‘வொக்கந்த்’ (அழைக்கிறார்கள்) என்று பன்மையில் முடிந்தால் ‘புவெல்லய்’ எழுவாயாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘கொடுக்கிறான்’ போன்ற வினையானால் நான்காம் வேற்றுமையைத் தேடுங்கள்.

பெயர்ச்சொல்லை ஆறாம் வேற்றுமையோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்: ‘ரேக்ஸ், ரேகிஸ்’ (அரசன், அரசனின்). அடிச்சொல் ‘ரேக்ஸ்’-இல் தெரியாது, ‘ரேகிஸ்’-இல்தான் தெரியும். ‘மரம்’ உருபேற்கும்போது ‘மரத்து’ ஆவதைப் போன்றது இது.

தமிழர் அதிகம் சறுக்குவது பெயரடையில். நம் ‘நல்ல’ எதற்கும் மாறாது. லத்தீனில் பால், எண், வேற்றுமை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போவது பால்தான், ஓசையல்ல. மாலுமி ஆண்பால் என்பதால் ‘நௌத்த பொனுஸ்’ (நல்ல மாலுமி) சரி, ‘நௌத்த பொன’ தவறு. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ‘மென்ஸ’ (மேசை) பெண்பால். போர்த்துக்கீசிய ‘மேஸ’ வழியாக நம் வீட்டுக்கு வந்த மேசையும் இதன் வழித்தோன்றல்தான்.

அடிப்படை முடிந்ததும் வாசிக்க வீரமாமுனிவரை எடுங்கள். அவருடைய கொடுந்தமிழ் (பேச்சுத்தமிழ்) இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டு 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவரும் அவரே. பொருள் முன்பே தெரிந்த குறளில் கண் விகுதிகளின் மேல் மட்டும் நிற்கும்.