ஒரு மேண்டில் பாக்கி

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் பிறந்த நமக்குக் கருமணல் என்றால் செருப்புக்குள் புகுந்து உயிரை வாங்குகிற சமாசாரம், அவ்வளவுதான். மழைக்காலத்துக் கடல் அடித்து ஒதுக்கிவிட்டுப் போனால் கரையெல்லாம் தார் கொட்டியது மாதிரி கிடக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் நம்ம கெமிஸ்ட்ரி சார் (பட்டப்பெயர் 'லாடம்', நம்ம செட்டுக்குத் தெரியும்) அதை ஒரு டிபன் டப்பா நிறைய அள்ளிவரச் சொன்னார். பேப்பரில் பரப்பி அடியில் லாடக் காந்தத்தை நகர்த்தினார். கறுப்பு மணிகள் மீசை மாதிரி விறைத்து நின்று கூடவே நடந்தன. அது இல்மனைட். சிவப்பாக இருந்தது கார்னெட். அதையும் ஒதுக்கிவிட்டு, தேன் நிறத்தில் நாலைந்து மணிகளை ஊசி முனையால் தள்ளிக் காட்டினார்: "லே, இதாம்லே மோனசைட்டு."

பாஸ்பேட் தாது, உள்ளே சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்கிற அரிய மண் உலோகங்கள், கூடவே கதிரியக்கம் உள்ள தோரியம். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் இதைக் கண்டுபிடித்தாராம். ஒட்டின மணலுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்! 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆனால் இந்த மோனசைட்டைப் பிரிக்கிற ஆலை 1952-இலேயே கேரளப் பக்கம் ஆலுவாவில் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் இதற்கு இருந்த கிராக்கி மேண்டிலுக்காகத்தான். பெட்ரோமாக்ஸில் கட்டுகிற அந்த வலைப்பையை முதல்முறை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும், மிஞ்சி நிற்பது தோரியம் ஆக்சைடு, அதோடு நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம், அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் அந்த வெள்ளை வெளிச்சமே கிடையாது.

சார் சொன்னதை நம்பாமல் நான் ஒரு காரியம் செய்தேன். ஆண்டுவிழா அன்று, கரண்ட் போனால் ஏற்றுவதற்கென்று மேடைக்குப் பின்னால் வைத்திருந்த பெட்ரோமாக்ஸில், மணல்தானா என்று பார்க்க மேண்டிலை விரலால் தொட்டேன். முட்டைக்கூடு மாதிரி நின்றது பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்புறம் சொல்லிவைத்தது போல கரண்ட் போனது. இருட்டில் கட்டபொம்மன் வசனம் மட்டும் கேட்டது. சார் அடிக்கவில்லை, "நாளைக்கு மேண்டிலுக்குக் காசு கொண்டா லே" என்றார்.

இப்போது மஸ்கட்டில் காதில் மாட்டியிருக்கிற இயர்போனுக்குள் இருப்பது நியோடிமியம் காந்தம். சாரிடம் காட்டினால் லாடத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்.

மேண்டில் காசை இன்றுவரை நான் கொடுக்கவில்லை. சார் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் நம்ம பழைய மாணவர் சங்கத்தில் சொல்லுங்கள்.