உடையாத போல்ட்டுக்குக் கூலி இல்லை

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜின் புகையைச் சேர்த்து சைலன்சர் பக்கம் அனுப்புகிற குழாய்) கழற்ற வேண்டிய வண்டி வந்தால், எந்த ரூட்டில் ஓடுகிற வண்டி என்றுதான் முதலில் கேட்பேன். உசிலம்பட்டி, தேனி பக்கம் காய்கறி ஏற்றுகிற வண்டி என்றால் துரு இருந்தாலும் சமாளித்துவிடலாம். மண்டபம், பாம்பனில் மீன் ஏற்றி, ராமநாதபுரம், பரமக்குடி வழியாக மதுரைக்கு வருகிற வண்டி என்றால் அன்றைக்கு வேறு பெரிய வேலை எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடற்கரையில் நிற்கும்போது உப்புக் காற்று, ரோட்டில் ஓடும்போது கொதிக்கிற சூடு, இரண்டும் மாறி மாறிப் பட்டால் எந்த இரும்புதான் தாங்கும்?

இந்த வண்டிகள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம், கொஞ்ச தூரம் ஓடி சூடானதும் குறைந்துவிடும். டிரைவர் அதை டேப்பட் (இன்ஜின் வால்வைத் தள்ளுகிற பாகம்) சத்தம் என்பார். மேனிஃபோல்ட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் அது டேப்பட் இல்லை, இடையில் அடைப்புக்கு வைக்கிற கேஸ்கெட் போய் புகை கசிகிறது. சில சமயம் கடைசி போல்ட்டின் மண்டையே இருக்காது, தானாகவே கட் ஆகி எங்கோ ரோட்டில் விழுந்திருக்கும்.

கடைசி போல்ட்டே ஏன் போகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 500 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், ஆனால் அது மாட்டியிருக்கிற, கூலன்ட் ஓடுகிற ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அந்த அளவுக்கு நீளாது. இந்த இழுபறியில் அதிகமாக நசுங்குவது இரண்டு ஓரத்துப் போல்ட்டுகள்தான். அதனால்தான் பல மேனிஃபோல்ட்டுகளில் ஓரத்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாகவோ நீளவாக்கிலோ விட்டிருப்பார்கள். துரு ஏறி அந்த இடைவெளியும் அடைத்துக்கொண்டால், பாவம், போல்ட் எங்கே போகும்?

சரி, கழற்றுகிற விஷயத்துக்கு வருவோம். வண்டியை முதல் நாள் சாயங்காலமே விடச் சொல்வேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல் எண்ணெய் அடிப்பது வீண், அது துருவின் மேலேயே வழிந்து போய்விடும். தேய்த்து, பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, போல்ட் மண்டையில் நேராகச் சுத்தியலால் நாலு தட்டு. உள்ளே இறுகிய துரு அந்த அதிர்வில் விரிசல் விட்டால்தான் எண்ணெய் இறங்கும். ராத்திரி படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை.

காலையில் ஆறு பட்டை சாக்கெட் மட்டும்தான். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரைப் போட்டு, அதில் ஒரு பைப்பையும் மாட்டித் தொங்குகிற பையன்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். மண்டை ரவுண்டாகிப் போகும், இல்லையென்றால் கழுத்து முறியும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பார்த்து, அப்புறம்தான் கழற்றுகிற பக்கம். 'கிரீச்' என்று கத்தினால் சந்தோஷம், மரை அசைகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ஸ்பேனர் கொஞ்சம் போய், கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் போல்ட் கழலவில்லை, முறுக்கிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப இறுக்கி, மறுபடி அரைச் சுற்று. ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் உதிர்ந்த துரு மரையில் சிக்கி, பாதி வழியில் இறுகிக்கொள்ளும்.

இதற்கும் அசையவில்லை என்றால் கேஸ் டார்ச். எண்ணெய் வழிந்த இடத்தையெல்லாம் துடைத்துவிட்டு, டீசல் ஹோஸையும் வயரையும் ஈரச் சாக்கால் மூடி, பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்த பிறகுதான் பற்ற வைப்பேன். ஸ்டட் (ஹெட்டில் நிற்கிற, மண்டை இல்லாத மரைக்கம்பி) என்றால் சுடுவது நட்டைத்தான், நட்டு விரிந்தால்தானே பிடி விடும். லேசாகச் சிவந்ததும் டார்ச்சை எடுத்துவிட்டு, சிவப்பு போன பிறகு மரை ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். எந்த விலை ஸ்பிரேயையும் விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. அலுமினிய ஹெட் என்றால் ரொம்ப ஜாக்கிரதை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்னால் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது. இன்னொன்று, குளோரின் கலந்த கிளீனர் அடித்த இடத்தில் நெருப்புக் காட்டவே கூடாது, விஷப் புகை வரும்.

இதெல்லாம் நேரம் பிடிக்கிற வேலை. வண்டிக்காரர் அதற்குள் நாலு தடவை போன் செய்துவிடுவார். "அண்ணே, ராத்திரி லோடு இருக்குண்ணே, நட்டுதானே, ஒரு இழு இழுத்து எடுத்துவிடுங்க." அந்த ஒரு இழுவையில்தான் போல்ட் போகும். போனால் டிரில் போடணும், இடம் எட்டவில்லை என்றால் ஹெட்டையே இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பணும், ரெண்டு நாள் வண்டி நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அப்படி ஹெட் இறக்கிய வேலைக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. ஹெட் மேஜையில் கிடக்கிறது, லேத் பில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு போல்ட்டும் முறியாமல் எடுத்துக் கொடுத்தால், "எல்லாம் ஈஸியாத்தானே வந்துச்சு, இதுக்கா இவ்வளவு?" என்பார்கள். முறிப்பவனுக்குக் கூடுதல் காசு, முறிக்காதவனுக்குப் பேரம். இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் ஜீரணமாகாத கணக்கு இது ஒன்றுதான். அதனால் இப்போது வேலை தொடங்கும் முன்பே ஊறவைக்கிற ராத்திரிக்கும் சேர்த்துத்தான் ரேட் சொல்கிறேன். சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள், போகட்டும்.

எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் சிலது முறியத்தான் செய்யும். கொஞ்சம் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் யோகம். அதன் மேல் ஒரு புது நட்டை வைத்து உள்பக்கம் வெல்டு போட்டால், அந்தச் சூட்டிலேயே பாதி இளகிவிடும். நட்டு மட்டும் மோசம், ஸ்டட் நல்லா இருக்கிறது என்றால் யோசிக்காமல் உளி வைத்து நட்டைப் பிளந்துவிடுவேன். முறிந்த துண்டில் துளை போட்டு, அதில் இறக்கித் திருகி எடுக்கிற ஈஸி அவுட்டை மட்டும் கடைசி வரை தொடுவதில்லை. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதன் மேல் ஏறவே ஏறாது.

திரும்ப மாட்டும்போது பழைய போல்ட்டைக் காசு மிச்சம் என்று போடச் சொன்னால் கேட்பதில்லை. மரையில் டாப் (மரை வெட்டுகிற கருவி) விட்டுச் சுத்தம் செய்து, புது போல்ட்டில் காப்பர் கிரீஸ் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, கம்பெனி சொன்ன டார்க் (முறுக்கு அளவு) வைத்துத்தான் இறுக்குவேன். அடுத்து எவன் கழற்றுவானோ, அநேகமாக நானாகத்தான் இருக்கும்.