ஏப்ரல் 1 நள்ளிரவில் அணைந்திருந்த கணினி

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களத்தின் கணக்குக் கணினியைச் சில ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். களம் கேரளத்தில் இருந்தாலும் சரக்கில் பெரும்பகுதி எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம்தான் போகிறது என்பதால், பில் எண்ணில் பிசகு நேர்ந்தால் அது இரண்டு மாநிலத்து வியாபாரிகளின் கணக்கையும் தொட்டுவிடும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் வரிசையாக இருக்க வேண்டும், 16 எழுத்துகளுக்கு மிகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் மீண்டும் வரவும் கூடாது. ஆகவே ஏப்ரல் 1 அன்று புது வரிசையைத் தொடங்கி, போன ஆண்டுக் கணக்கைத் தனியே கட்டி வெளி ஹார்டு டிஸ்க்கில் சேர்க்கும் வேலையைக் கணினியே செய்துகொள்ளும்படி அமைத்திருந்தேன்.

அந்தக் கணினியை இயக்கும் லினக்ஸில், குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானே ஓட்டுவதற்குக் கிரான் (cron) என்ற நிரல் இருக்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்னும் ஐந்து இடங்களில் "0 0 1 4 *" என்று எழுதிவிட்டால் ஒவ்வோர் ஏப்ரல் 1 நள்ளிரவிலும் வேலை நடக்கும் என்று நம்பினேன். நடக்கவில்லை. இரவு களத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். அந்த நிமிடத்தில் கணினி விழித்திராவிட்டால் கிரான் அந்த வேலையை விட்டுவிடும். காலையில் கணினியைப் போட்டதும் பழைய பாக்கியைத் தேடிச் செய்யாது. தினசரி வேலையாக இருந்தால் மறுநாளே சரியாகியிருக்கும். ஆண்டுக்கொரு வேலைக்கோ அடுத்த வாய்ப்பு 12 மாதம் கழித்துத்தான். மூன்று நாள் பில்கள் பழைய வரிசையிலேயே போய்விட்டன. அவற்றைத் திருத்த லாரிக்காரர்கள் வரை பேச வேண்டியிருந்தது.

விட்டுப்போன வேலையைப் பிறகு செய்து முடிக்க அனக்ரான் (anacron) என்ற இன்னொரு நிரல் உண்டு. ஆனால் அது முந்தைய ஓட்டத்திலிருந்து இத்தனை நாள் ஆயிற்றா என்றே எண்ணுவதால், 365 நாள் என்று வைத்து ஒருமுறை ஏப்ரல் 3 அன்று ஓடிவிட்டால், அடுத்த ஆண்டும் ஏப்ரல் 1 அன்று ஓடாமல் தள்ளியே ஓடும். லினக்ஸில் வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் மற்றொரு வழியான சிஸ்டம்டி டைமரில் (systemd timer) பெர்சிஸ்டன்ட் (Persistent) என்ற அமைப்பை இயக்கி வைத்தால், கடைசியாக ஓடிய நேரத்தைக் கணினியின் டிஸ்க்கில் குறித்துவைத்து, தவறியதைக் கணினி எழுந்தவுடன் செய்யும். இது மேலானது.

ஆனாலும் நான் எடுத்த முடிவு வேறு: ஆண்டுக்கொரு வேலையை ஆண்டுக்கொருமுறை ஓட்டவே கூடாது. இப்போது அந்த வேலைக்கான கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு, அதாவது ஸ்கிரிப்ட், தினமும், கணினி எழும்போதெல்லாம் ஓடுகிறது. இன்று எந்த நிதியாண்டு என்று கணக்கிட்டு, அந்த ஆண்டுக்கான வேலை முடிந்ததற்கு அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் பேசாமல் திரும்பிவிடுகிறது, இல்லாவிட்டால் வேலையை முடித்த பிறகே அடையாளத்தை எழுதுகிறது. ஹார்டு டிஸ்க் செருகப்படாதது போன்ற கோளாறுகள் ஓராண்டு ஒளிந்திராமல் மறுநாளே தெரிவதற்காக, டிஸ்க்கில் எழுத முடிகிறதா என்பதையும் தினமும் சோதிக்கிறது.

இன்னொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கிரான் வரியில் சதவீதக் குறி (%) வந்தால் அங்கே வரி முடிந்துவிட்டதாகக் கிரான் கொள்ளும். கோப்பின் பெயரில் ஆண்டைச் சேர்க்க தேதியைத் தரும் டேட் (date) கட்டளையில் அந்தக் குறி வேண்டும் என்பதால், ஆண்டு வேலைகளில் இந்தப் பிழை எளிதில் நேர்கிறது. கட்டளையைத் தனி ஸ்கிரிப்டில் எழுதி, கிரான் வரியில் அதன் பெயரை மட்டும் வைத்தால் தொல்லை இல்லை.

சித்திரைப் புத்தாண்டில் வாழ்த்துச் செய்தி போக வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, அதைத் தானியங்கி வேலையாக வைக்க நான் சம்மதிக்கவில்லை. 2023-இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14 அன்றும் விஷு 15 அன்றும் வந்தன. இரண்டையும் கொண்டாடும் ஊரில், கிரானுக்குத் தெரிந்த ஆங்கில நாட்காட்டி மட்டும் போதாது. ஆண்டுதோறும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியை ஒரு கோப்பில் கையால் எழுதுகிறோம்.

ஆடி மாதத்தில், வேலை குறைந்திருக்கும் ஒரு நாளில், கணக்கின் நகல் ஒன்றை எடுத்து, தேதியை மார்ச் 31 என்றும் ஏப்ரல் 1 என்றும் பொய்யாகக் கொடுத்து முழு ஓட்டத்தையும் பார்க்கிறேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, நின்றுபோனால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அங்கே கணக்கெழுதும் அக்காவுக்கு மலையாளம் பேச வந்தாலும் தமிழ்தான் வாசிக்க வரும் என்பதால், தமிழில்.