பழைய படம்தானே என்று ஏற்றிய சுவரொட்டி

1948-இல் வெளிவந்த ஒரு தமிழ்ப் படத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை. மணல்தொட்டியில் (வரைவு எழுதும் பக்கம்) எழுதி, தகவற்பெட்டி (ஓரத்தில் வரும் சுருக்க அட்டவணை) போட்டுக் கட்டுரையாக நகர்த்த ஒரு மாலைப்பொழுதுதான் ஆனது. அதன்பின் மூன்று வாரத்தைத் தின்றவை ஒரு சுவரொட்டியும் ஒரு கதைச்சுருக்கமும்.

முதலில் சுவரொட்டி. வரைந்தவர் பெயர் தெரியாத படைப்புக்கு இந்தியாவில் பதிப்புரிமைக் காப்பு 60 ஆண்டு. வெளியானதற்கு அடுத்த ஆண்டின் சனவரியிலிருந்து எண்ண வேண்டும். 1948 என்றால் 2008 முடிவோடு தீர்ந்தது. இந்தக் கணக்கை நம்பி, எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றியாயிற்று. சில நாளில் நீக்கல் அறிவிப்பு. கணக்கு சரி, ஆனால் பாதிதான். பொதுவகத்தில் ஒரு கோப்பு நிலைக்க, அது பிறந்த நாட்டில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் உரிமை தீர்ந்திருக்க வேண்டும். 1996 சனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை உயிரோடிருந்த படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு கொடுக்கிறது. ஆக, இந்தச் சுவரொட்டிக்கு 2043 முடியும்வரை விடுதலை இல்லை. 1940 வரை வெளியானவை தப்பித்தன. அவற்றுக்கு அப்போதிருந்த 50 ஆண்டுக் காப்பு முடிந்தபிறகுதான், 1991 இறுதியில், அது 60 ஆக நீண்டது.

உரிமக் கட்டத்தில் ‘சொந்தப் படைப்பு’ என்று குறிப்பது இதைவிட மோசம். சுவரில் ஒட்டியதை நாமே படம் பிடித்தாலும் சுவரொட்டி நம்முடையதாகாது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்துக்குச் சட்டம் தரும் சலுகை, ஒட்டிய தாளுக்குக் கிடையாது. யூடியூப் காணொளியில் கட்டற்ற உரிமம் (யாரும் எடுத்தாளலாம் என்ற அனுமதி) போட்டிருக்கிறதே என்று திரைக்காட்சியை எடுப்பதும் வேண்டாம். அந்த அலைவரிசைக்காரர் படத்தின் உரிமையாளரா என்று முதலில் கேட்பார்கள்.

பொதுவகத்தில் நீக்கியதும் தானியங்கி நிரல் வந்து கட்டுரையிலிருந்த படத்தையும் உருவிக்கொண்டு போய்விடும். பதறிப்போய் மறுபடி அங்கேயே ஏற்றாதீர்கள், பயனர் கணக்கையே தடை செய்வார்கள். போக வேண்டிய இடம் தமிழ் விக்கிப்பீடியாவின் உள்ளூர்ப் பதிவேற்றம், நியாயமான பயன்பாடு (உரிமை தீராத படத்தையும் வரம்புக்குள் காட்டலாம்) என்ற காரணத்தோடு. அதில் மூலம், உரிமையாளர், எந்தக் கட்டுரை, ஏன் தேவை, கட்டற்ற மாற்று ஏன் கிடையாது என்று ஒவ்வொன்றையும் நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வினா வரும். அளவு சிறிதாக இருக்கட்டும்: மொத்தம் ஒரு லட்சம் படப்புள்ளி, அதாவது சுமார் 250-க்கு 400, என்பது ஆங்கில விக்கியின் அளவுகோல். அதையே பின்பற்றினால் வம்பில்லை.

அடுத்து கதைச்சுருக்கம். பழைய பாட்டுப் புத்தகத்தில் அழகாக ஒரு பக்கம் இருக்கும், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற முடிவோடு. அதைத் தட்டச்சு செய்து போட்டால் பதிப்புரிமை மீறல். உரையை மட்டுமல்ல, பக்க வரலாற்றிலிருந்து அந்தத் திருத்தத்தையே மறைத்துவிடுவார்கள். படத்தைப் பார்த்துச் சொந்த நடையில் எழுதுங்கள். கதைப் பகுதிக்குப் படமே சான்று, தனி மேற்கோள் வேண்டாம். பாட்டுப் புத்தகத்திலிருந்து நடிகர், பாடல் பட்டியல் எடுக்கலாம், அவை வெறும் தகவல். பாடல் வரிகளை எடுக்கக் கூடாது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973; அதிலிருந்து 60 ஆண்டு, அதாவது 2033 முடியும்வரை அவர் வரிகளுக்குக் காப்பு உண்டு. கண்ணதாசன் என்றால் 2041.

மேற்கோளில் கடித்தது வெளியீட்டு நாள். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தளம் எடுபடாது, பயனர்களே நிரப்புவது. வலைப்பூ ஒன்றில் துல்லியமான தேதி கிடைத்தது. தோண்டினால் அதுவே விக்கிப்பீடியாவின் பழைய பதிப்பிலிருந்து எடுத்தது! சுற்றி வந்த பொய்க்கு இப்படித்தான் சான்று முளைக்கிறது. இரண்டு பக்கங்களில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள். கடைசியில் கைகொடுத்தது அந்தக் காலத்து நாளிதழ் விளம்பரம்: இதழ் பெயர், நாள், பக்க எண் மூன்றும் கொடுத்தால் இணைய இணைப்பே தேவையில்லை. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. இணைய இணைப்பைத் தருவதானால் பழைய இணையப் பக்கங்களைக் காக்கும் வேபேக் மெஷினில் அன்றே சேமித்துவிடுங்கள், தமிழ் நாளிதழ் இணைப்புகளுக்கு ஆயுள் குறைவு.

ஆங்கிலக் கட்டுரையிலிருந்து இரண்டு பத்தி மொழிபெயர்த்தது மட்டும் சிக்கலின்றி முடிந்தது. தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தோடு எழுதும் சிறு குறிப்பு) மூலக் கட்டுரையின் இணைப்பைக் கொடுத்தால் போதும்.

சுவரொட்டி இப்போது தகவற்பெட்டியில் தபால்தலை மாதிரி நிற்கிறது. அதையே நாயகியின் கட்டுரையிலும் போட யாரோ முயல, மறுநாளே எடுத்துவிட்டார்கள். இந்த முறை காரணத்தை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.