தாத்தாவின் ஒமேகா: திறந்தது, துடைத்தது, தொடாமல் விட்டது

மாமாவின் ஒமேகா சீமாஸ்டர் என் மேசைக்கு வரும்போது அதற்கு இரண்டு கோளாறு. கையில் கட்டியிருக்கும்வரை ஓடும், ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் முந்தும். ராத்திரி கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடும். மாமா அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "வயசாயிட்டுல்லா, அதுக்கும் தூக்கம் வருது" என்பார்.

வாட்ச் தாத்தாவுடையது. கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், தலைமன்னாரில் கப்பலேறி ஊர் திரும்பியபோது கையில் கட்டி வந்தார். திருநெல்வேலிப் பக்கம் பழைய ஒமேகா, ஃபாவ்ர் லூபா எதைத் துருவினாலும் கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் என்று ஒரு கடல் நடுவே வரும். உள்ளே இயந்திரத்தில் பொறித்திருக்கும் எட்டு இலக்க எண் 25 என்று தொடங்குகிறது. ஒமேகா எண்வரிசையில் அது 1967 வாக்கில் வரும்.

முந்துவதற்கு மருந்து, வாட்ச்சைத் திறக்கும் முன்பே கிடைத்துவிட்டது. மாமா ராத்திரி வாட்ச்சைக் கழற்றி வைக்கும் இடம் பழைய ஸ்பீக்கர் பெட்டியின் தலை. ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். வாட்ச்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஸ்பிரிங் நீளம் குறைந்தது போலாகும், வாட்ச் வேகம் பிடிக்கும். ஃபோனில் உள்ள திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனதும் முள் ஆடியது. காந்தம் நீக்கும் சின்னக் கருவியில் வைத்து எடுத்தேன். 95 விநாடி முந்தியது 22 ஆக இறங்கியது. வாட்ச் திடீரென்று முந்துகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கடைக்குக் கொண்டுபோகும் முன் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம், காசு மிச்சம்.

நின்றுபோவதற்குத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. டைம்கிராஃபர் என்ற மைக் வைத்த கருவி, வாட்ச்சின் டிக் சத்தத்தைக் கேட்டு மூன்று கணக்குச் சொல்லும்: நாளைக்கு எத்தனை விநாடி தள்ளுகிறது, ஊசல் மாதிரி இரு பக்கமும் ஆடும் பேலன்ஸ் வீல் எத்தனை பாகை வீசுகிறது, இரண்டு பக்க வீச்சும் சமமா. என்னிடம் இருப்பது வெய்ஷி 1000. ஒவ்வொரு உந்தலிலும் பேலன்ஸ் திரும்பும் கோணம்தான் லிஃப்ட் ஆங்கிள், அது 52 பாகை என்று வைத்துக்கொண்டு கருவி கணக்குப் போடும். இந்த ஒமேகாவுக்கு 49 என்று மாற்றாவிட்டால் வீச்சைத் தப்பாகக் காட்டும். மாற்றிப் பார்த்தபோது, முழுச் சாவி கொடுத்தும் வீச்சு 195 பாகைதான். நல்ல உடம்போடு இருந்தால் 270க்கு மேல் இருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் இயந்திரத்தின் மாடல், அதாவது காலிபர், 565. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், தண்டுகள் சுழல 24 ஜுவல் கற்கள், மணிக்கு 19,800 டிக், அதாவது விநாடிக்கு ஐந்தரை. முழுச் சாவியில் 50 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. வீல்களை மேலிருந்து பிடித்திருக்கும் பிரிட்ஜ்கள் செம்பு நிறத்தில் மினுங்கும். இந்தக் காலிபரில் எனக்குப் பிடித்தது தேதி மாற்றும் விதம். பக்கத்தில் இருக்கும் சாவிக் குமிழைக் கடைசிவரை இழுத்தால் தேதி ஒன்று தள்ளும். விட்டு இழுத்தால் இன்னொன்று. முப்பதாம் தேதியோடு முடிந்த மாதத்துக்கு ஒரே ஒரு இழுப்பு போதும்.

நேராக இதில் கை வைக்கவில்லை. முதலில் எச்எம்டி ஜனதாவில் பழகினேன். 17 ஜுவல், மணிக்கு 18,000 டிக், கையால் சாவி கொடுப்பது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்எம்டி, இந்தியா முழுக்கக் கட்டிவிட்ட வாட்ச். பழையது மலிவாகக் கிடைக்கும், பார்ட்ஸும் கிடைக்கும், எந்த ஸ்க்ரூ எங்கே என்று குழப்பாத எளிய அமைப்பு. பிரித்துப் பூட்டிப் பழக நம் நாட்டில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சிலர் கற்றுக்கொள்ளச் சீன இயந்திரம் வாங்குகிறார்கள். வாங்கட்டும், ஜனதா கிடைக்காத ஊரில்.

எப்போது திறப்பது என்பதும் ஒரு கேள்வி. பாளையங்கோட்டையில் ஆடி மாதம் ஆகாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, சாத்திய ஜன்னலுக்குள்ளும் புழுதியைத் தள்ளிவிடும். சித்திரையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் ஓடினால் ஸ்பிரிங்கும் தூசியும் பறக்கும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு எஃகுப் பார்ட்டில் விழுந்தால் துரு. ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரம். ஆகவே தை பிறக்கட்டும் என்று காத்திருந்தேன். காலை வெயில் ஏறும் முன், தரையைத் துடைத்து, ஃபேனை நிறுத்தி, விரலுக்கு உறை மாட்டி உட்கார்ந்தேன்.

பின்மூடி திருகி மூடுகிற வகை, வெளியே கடல்குதிரை. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் உருகிக் கறுத்துப் பிசினாகியிருந்தது. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய குறிகள் நாலைந்து. சர்வீஸ் பார்த்தவர்கள் தங்கள் ஞாபகத்துக்குப் போட்டுவைக்கும் எண்ணும் எழுத்தும். ஒரு குறி தெளிவான அழகான கையெழுத்து, அந்த ஆள் வேலையும் சுத்தமாகத்தான் செய்திருப்பார் என்று தோன்றியது. இன்னொரு ஆள் எப்படிப்பட்டவர் என்று ஸ்க்ரூ தலைகளே சொல்லிவிட்டன. பிளவுக்குப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகியதில் இரண்டு தலை சிதைந்திருந்தது. பிரிட்ஜின் மேல் வில்லாக ஒரு பளபளப்புக் கோடும் தெரிந்தது. கை அசைய அசையச் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர் உரசிய தடம்.

பிரிப்பதில் முதல் வேலை, வாட்ச்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கில் இருக்கும் சக்தியை இறக்குவது. சாவியை விரலில் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் தானாக அவிழாமல் தடுக்கும் கிளிக்கை இடுக்கியால் விலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விட வேண்டும். அதைச் செய்யாமல், வீல்களை டிக் டிக்கென்று நிறுத்தி நிறுத்தி விடும் பேலட்டைக் கழற்றினால் மொத்த வீல் வரிசையும் ஒரே ஓட்டமாக ஓடிப் பல்லை உடைக்கும். அப்புறம் பேலன்ஸ், பேலட், ரோட்டர், ஆட்டோமேட்டிக் பிரிட்ஜ், வீல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோட்டோ. இதையெல்லாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை, ஜனதாவில் செய்ததுதான்.

விஷயம் பேரலில், அதாவது மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாவில் இருந்தது.

கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சில் மெயின் ஸ்பிரிங்கின் வெளி நுனி பேரல் சுவரில் கொக்கி போட்டு நிற்கும். முழுக்கச் சுற்றியதும் சாவி இறுகிவிடும், அதற்குமேல் திரும்பாது. ஆட்டோமேட்டிக்கில் அப்படி வைத்தால், கை ஆட்ட ஆட்ட ரோட்டர் சுற்றிக்கொண்டே இருக்குமே, ஏதாவது உடையும். அதனால் கொக்கி கிடையாது. ஸ்பிரிங்கின் வெளி நுனியில் கெட்டியான ஒரு பட்டை, சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். நிறைந்த பிறகு வழுக்கிவிடும். நிறையும்வரை பிடிக்க வேண்டும், நிறைந்ததும் விட வேண்டும். அந்தப் பிடிக்காகவே சுவரில் மட்டும் தடவ ஒரு தனிக் கிரீஸ் உண்டு. மோபியஸ் கம்பெனியின் 8217 அந்த வகை.

மூடியைத் திறந்தால், பேரல் முழுக்கப் பழைய கண்மை மாதிரி ஒரு கறுப்புக் களிம்பு. யாரோ சாதா எண்ணெயைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். அது சுவரையும் வழவழப்பாக்கிவிட்டது. பாதி ஏறும்போதே ஸ்பிரிங் வழுக்கியிருக்கிறது. எத்தனை நேரம் கையில் கட்டியிருந்தாலும் அரை வயிறுதான் நிறையும். ராத்திரி தூங்கிப்போனதற்கு வயசு காரணமில்லை. ஸ்பிரிங்கும் களைத்துத்தான் இருந்தது. நல்ல ஸ்பிரிங்கை வெளியே எடுத்துப் போட்டால் எதிர்ச் சுருளாக விரிந்து படுக்கும். இது பேரலுக்குள் இருந்த வாக்கிலேயே சுருண்டு கிடந்தது. புதியது வாங்கினேன். ஒரு வளையத்துக்குள் சுற்றியே வரும், பேரலுக்கு நேராக வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். சுவரில் 8217 சில பொட்டுகள் மட்டும்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. வெள்ளைப் பெட்ரோலில் பிசுக்கை எடுத்துவிட்டு, கடைசி அலசலுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்திருப்போம். பேலட்டில் இருக்கும் இரண்டு ரூபிக் கற்களையும், பேலன்ஸின் அடியிலுள்ள சின்னக் கல்லையும் பிடித்து வைத்திருப்பது நம்ம ஊர் அரக்குதான். அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஊறவைத்தால் கல் நகர்ந்துவிடும். அந்த இரண்டு பார்ட்டையும் பெட்ரோலோடு நிறுத்திக்கொண்டேன். ஜுவல் ஓட்டைகளைக் கூராகச் சீவிய குச்சியால், குச்சி நுனி வெள்ளையாகவே வெளியே வரும்வரை திருகித் துடைத்தேன். அலுப்பான வேலை. ஆனால் சர்வீஸ் என்பதே பெரும்பாலும் இதுதான்.

எண்ணெய் விடும் நாளுக்கு முன்னால் ஜங்ஷன் பக்கம் சின்னதாக வாட்ச் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடி, அந்த லூப்பைக் கழற்றாமலே பேசுவார். "எண்ணெய விடாதீய தம்பி, காட்டுங்க. அது போதும்" என்றார். பிறகு தன் மேசையில் இருந்த ஒரு வாட்ச்சின் ஜுவலைக் காட்டினார். கல்லின் நடுவில் உள்ள குழியில் எண்ணெய் ஒரு சின்ன வட்டமாக, விளிம்பைத் தொடாமல் நின்றது. விளிம்பைத் தொட்டால் எண்ணெய் வெளியே பரவி ஓடிவிடும், தண்டு காய்ந்துபோகும். எண்ணெய் கூடினால்தான் உள்ளே காயும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். லூப்பில் பார்த்தால் சந்தேகம் வராது.

வேகமாகச் சுற்றும் தண்டுகளுக்கு மோபியஸ் 9010. மெதுவாக, பாரம் தாங்கிச் சுற்றுபவற்றுக்கு ஹெச்பி 1300. பேலட் கற்களின் முகத்துக்கு 9415. அடிபடும் நொடியில் இளகி, விட்ட பிறகு கெட்டியாகி நின்ற இடத்திலேயே நிற்கும் கிரீஸ் அது. பேலட்டின் தண்டுகளுக்கு மட்டும் எதுவும் கிடையாது. அவை சுற்றுவதில்லை, இப்படியும் அப்படியும் சற்றே அசைவதுதான். அங்கே எண்ணெய் வைத்தால் அதுவே இழுவையாகிவிடும்.

பேலன்ஸை இறக்கியதும் தானாகவே வீச ஆரம்பித்தது. டைம்கிராஃபரில் டயல் மேல்நோக்கி இருக்கும்போது வீச்சு 284, கீழ்நோக்கி 279, சாவி கீழே இருக்கும் நிலையில் 252. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை மயிரிழை நகர்த்திச் சரிபண்ணியதில், கையில் கட்டினால் நாளைக்கு 5 விநாடி முந்துகிறது. சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்றிதழ் கேட்டு வரும் புது இயந்திரத்துக்கே சராசரியாக 4 விநாடி பிந்துவதிலிருந்து 6 விநாடி முந்துவதுவரை அனுமதி உண்டு. அறுபது வயதை நெருங்கும் வாட்ச்சுக்கு இதற்குமேல் நோண்டுவது பேராசை.

டயலைத் தொடவில்லை. ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பழுப்பேறியிருக்கிறது. "புதுசா அடிச்சுத் தாரோம்" என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அடித்த பிறகு எழுத்து தடித்து, கோடு கோணி, அது எவனுடைய டயலோ ஆகிவிடும். பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் முதலில் முகம் சுளிப்பது அதற்குத்தான். ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் மேட் என்பதன் இரு பக்கமும் ஒரு டி எழுத்து இருக்கிறது, இருட்டில் ஒளிரும் கதிரியக்க டிரிட்டியம் பூச்சு என்று அர்த்தம். அதன் அரை ஆயுள் 12 வருஷத்துக்குச் சற்று மேல், ஒளி எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது. அதற்கும் முந்திய காலத்து ரேடியம் டயல் என்றால் நான் திறக்கவே மாட்டேன், அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். கேஸையும் பாலிஷ் போடவில்லை. ஓரங்களின் கூர்மை ஒரு தடவை போனால் திரும்ப வராது. கண்ணாடி மட்டும் பிளாஸ்டிக் என்பதால் தேய்த்துக் கீறல் எடுத்தேன்.

பாக்கி இருப்பது ரோட்டர். அதன் அச்சு தேய்ந்து ஆடுகிறது, அதனால்தான் பிரிட்ஜில் அந்தக் கோடு. அப்படியே விட்டால் உரசி உரசி விழும் உலோகத் தூள், துடைத்து வைத்த வீல்களுக்குள் போகும். பெரிய சுவிஸ் கம்பெனிகள் வெளியாட்களுக்குப் பார்ட்ஸ் தருவது அபூர்வம். பழைய இருப்பு வைத்திருப்பவர்களிடம்தான் அச்சு தேட வேண்டும். கிடைக்கும்வரை ரோட்டரைக் கழற்றிப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டேன். கையால் சாவி கொடுத்தால் வாட்ச் தாராளமாக ஓடும். முழுச் சாவியில் 46 மணி நேரம் வந்தது.

மாமாவிடம் கொடுக்கும்போது இரண்டு நிபந்தனை சொன்னேன். தண்ணீர் அழுத்தம் சோதிக்கும் கருவி என்னிடம் இல்லை, புது வாஷர் போட்டிருந்தாலும் குறுக்குத்துறையில் குளிக்கப் போகும்போது கழற்றி வைக்க வேண்டும். அடுத்தது, காலையில் பல் தேய்த்ததும் முப்பது சுற்று சாவி கொடுக்க வேண்டும். இறுகும்வரை திருகுவேன் என்று இருந்தால் அது இறுகவே இறுகாது, வழுக்கிக்கொண்டே இருக்கும், அதனால் எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.

"தானா ஓடுத வாட்ச்சுன்னுதாம்ல எங்கப்பா பெருமையடிப்பாரு. இப்ப நான் முப்பது எண்ணணுமா?" என்றார்.

"அச்சு கிடைக்கிற வரைக்கும் மாமா."

"ஸ்பீக்கரு மேல வைக்கலாம்லா?"

"அதுதான் முதல்ல கூடாது மாமா."

இப்போது பூஜை அலமாரியில் விபூதிச் சம்படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். அச்சுக்கு ஆறேழு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவர் அனுப்பிய படத்தில் இருந்தது வேறு காலிபருடைய அச்சு.